சட்டைப் பைக்குள் வந்த சூதாட்டக் கூடம்

2007ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடைபெற்றது. மான்செஸ்டர் நகரில் 1,250 சூதாட்ட இயந்திரங்களைக் கொண்ட பிரம்மாண்டமான கசினோ ஒன்றை அமைப்பதற்கு வழி விடுவதா என்பதே அன்றைய கேள்வி. அரசு மூன்று வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றது. தேவாலயத் தலைவர்களும் பத்திரிகைகளும் அந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்திருந்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் திட்டம் முற்றாகவே கைவிடப்பட்டது.

அதே 2007ஆம் ஆண்டில் வேறு இரண்டு நிகழ்வுகளும் இடம்பெற்றன. செப்டம்பர் முதலாம் தேதி, 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இணையம் வழியாகச் சூதாட்டம் நடத்துவதற்கு உரிமம் வழங்கும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இருந்தது. நவம்பர் 9ஆம் தேதி ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் பிரிட்டிஷ் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

ஒரு நகரத்தில் ஒரு கட்டடம் வேண்டாம் என்று தடுத்த நாட்டில், அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கக்கூடிய எல்லா இயந்திரங்களும் இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வயது வந்தவரின் சட்டைப் பையிலும் இருக்கின்றன. 2007இல் நடந்த விவாதத்தின் மையத்தில் கைத்தொலைபேசி இருக்கவில்லை.

எவ்வளவு பணம், யாருடைய பணம்?

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் சூதாட்ட ஆணையத்தின் கணக்குப்படி, 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் இணையவழி கசினோ, பந்தயம், பிங்கோ ஆகியவை சேர்ந்து ஈட்டிய மொத்த வருவாய் சுமார் 690 கோடி பவுண்டுகள். அதில் கசினோ விளையாட்டுகளின் பங்கு மட்டும் சுமார் 440 கோடி. அந்தக் கசினோ பங்கிலும் பெரும் பகுதி, அதாவது 360 கோடி பவுண்டுகள், உருளைகள் சுழன்று படங்கள் ஒன்று சேரும் ஸ்லாட் விளையாட்டுகளில் இருந்து வந்தது. கட்டடங்களில் இயங்கும் கசினோக்கள் அனைத்தும் சேர்ந்து ஈட்டுவது இதனுடன் ஒப்பிடுகையில் சிறு தொகையே.

இங்கு 'வருவாய்' என்ற சொல்லைச் சற்று கவனிக்க வேண்டும். ஆடியவர்கள் வைத்த மொத்தப் பணத்தில் இருந்து அவர்களுக்குப் பரிசாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டதைக் கழித்தால் வருவதே இந்தத் தொகை. வேறு வார்த்தைகளில் கூறினால், ஆடியவர்கள் இழந்த பணத்துக்குத் துறை சூட்டியிருக்கும் பெயர் வருவாய்.

கதவு, பணப்பை, கடிகாரம்

சூதாட்டம் புதியதல்ல. பகடையில் நாட்டை இழந்த தருமனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் கைத்தொலைபேசி கசினோவில் புதிதாக ஒன்று இருக்கிறது. சூதாடுபவருக்கும் சூதாட்டத்துக்கும் இடையில் முன்பு இருந்த தடைகள் ஒவ்வொன்றாக அகன்றுவிட்டன.

பிரிட்டனில் 1968ஆம் ஆண்டின் கேமிங் சட்டம் கசினோக்களை அனுமதித்தபோது ஒரு நிபந்தனையை விதித்தது. கசினோவில் ஆட விரும்புபவர் முதலில் உறுப்பினராக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்து 48 மணி நேரம் கழிந்த பின்னரே மேசையில் அமரலாம். மக்களிடம் ஏற்கனவே உள்ள விருப்பத்துக்கு இடம் கொடுக்கலாம், ஆனால் புதிய விருப்பத்தைத் தூண்டக் கூடாது என்பதே அந்தக் காலத்துச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. பின்னாளில் காத்திருப்பு நேரம் 24 மணியாகக் குறைக்கப்பட்டது. 2005இல் அதுவும் நீக்கப்பட்டது.

48 மணி நேரம் என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சம்பளம் வந்த இரவில், அல்லது வீட்டில் சண்டை நடந்த இரவில், எழும் உந்துதல் இரண்டு நாட்களில் தணிந்துவிடக் கூடியது. கதவு மூடியிருந்தால் திரும்பிப் போக வேண்டும். கையில் கொண்டு வந்த பணம் தீர்ந்தால் எழுந்து போக வேண்டும். விடிந்தால் கூடத்தை மூடுவார்கள். கைத்தொலைபேசியில் கதவு இல்லை. வங்கி அட்டையின் விவரங்கள் ஏற்கனவே பதிவாகி இருப்பதால் பணப்பையும் இல்லை. அது மூடப்படுவதும் இல்லை. அருகில் இருந்து பார்ப்பவரும் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் செய்தி படிக்கிறாரா, மாதச் சம்பளத்தை இழந்துகொண்டிருக்கிறாரா என்பது வெளியில் தெரிவதில்லை.

இந்த வேகம் எதுவரை போகலாம் என்பதற்கு ஒரு பதிவான உதாரணம் உண்டு. 2023 மார்ச் மாதம் வில்லியம் ஹில் குழும நிறுவனங்கள் 1 கோடியே 92 லட்சம் பவுண்டுகள் செலுத்த நேர்ந்தது. சூதாட்ட ஆணையத்தின் நடவடிக்கைகளில் அதுவரை இல்லாத பெரும் தொகை அது. புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒரு வாடிக்கையாளர் எந்த விசாரிப்பும் இன்றி 20 நிமிடங்களில் 23,000 பவுண்டுகளைச் செலவிட அனுமதிக்கப்பட்டார் என்பது ஆணையம் வெளியிட்ட விவரங்களில் ஒன்று. உரிமம் பெற்ற, பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்ற நிறுவனத்தில் நடந்தது இது.

நான்கு சதவீதம் என்ற மாயை

ஸ்லாட் விளையாட்டுகளின் விவரப் பக்கத்தில் 'ஆடுபவருக்குத் திரும்பும் விகிதம்' என்று ஒரு எண் இருக்கும். 96 சதவீதம் என்பது பரவலாகக் காணப்படும் எண். இதைப் பார்க்கும் பலர், 100 பவுண்டுகள் போட்டால் சராசரியாக 96 திரும்பி வரும், நான்கு பவுண்டுதானே இழப்பு, பொழுதுபோக்குக்கு அது அதிகமல்ல என்று நினைக்கிறார்கள்.

இந்த நினைப்பில்தான் பிழை இருக்கிறது. அந்த விகிதம் ஒருவர் கணக்கில் போட்ட பணத்துக்கு உரியதல்ல. ஒவ்வொரு சுழற்சியிலும் வைக்கப்படும் பந்தயத் தொகைக்கு உரியது. வென்றதும் மீண்டும் பந்தயமாக வைக்கப்படுகிறது. அதிலும் நான்கு சதவீதம் கழிகிறது.

ஒருவர் சுழற்சிக்கு ஒரு பவுண்டு வீதம் மணிக்கு 600 சுழற்சிகள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். இது அசாதாரண வேகமல்ல. பிரிட்டிஷ் விதிகளின்படி ஒரு சுழற்சிக்குக் குறைந்தது இரண்டரை விநாடி ஆக வேண்டும் என்பதால், 1,440 சுழற்சிகள் வரைகூட ஒரு மணி நேரத்தில் சாத்தியம். 600 சுழற்சிகளில் அவர் வைத்த மொத்தப் பந்தயம் 600 பவுண்டுகள். அதில் நான்கு சதவீதம் என்றால் மணிக்கு 24 பவுண்டுகள் இழப்பு. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். ஆக, கடையில் இரண்டு மணி நேரம் நின்று சம்பாதித்தது ஒரு மணி நேரத்தில் போகிறது. சுழற்சிக்கு ஐந்து பவுண்டு வைத்தால் மணிக்கு 120 பவுண்டுகள்.

இது சராசரி மட்டுமே. உண்மையில் ஒருவருக்கு ஒரு இரவில் நேர்வது இதைவிட மிக நல்லதாகவோ மிக மோசமாகவோ இருக்கலாம். இந்த ஏற்ற இறக்கமே ஆளைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு சுழற்சியின் முடிவையும் கணினி நிரலொன்று தற்செயல் எண்களைக் கொண்டு தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. முந்தைய சுழற்சிகளை அது நினைவில் வைத்திருப்பதில்லை. 'இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழ வேண்டும்' என்ற கணக்குக்கு இயந்திரத்துக்குள் இடமே கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே பெயருடைய விளையாட்டு வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு விகிதத்தில் இயங்கக்கூடும்; விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல விகிதங்களில் அதை வழங்குவதுண்டு. ஒரு தளத்தில் 96 ஆக இருப்பது மற்றொன்றில் 92 ஆக இருக்கலாம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் இழப்பு இருமடங்காகிவிடும்.

இனாம் என்ற பெயரில்

புதிய வாடிக்கையாளருக்கு '50 பவுண்டு இனாம்' என்று அறிவிக்கும் விளம்பரங்களில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: இனாம் தொகையைப் போல இத்தனை மடங்கு பந்தயம் வைத்த பின்னரே பணத்தை வெளியே எடுக்கலாம்.

40 மடங்கு என்பது இத்துறையில் வழக்கமாக இருந்து வந்த ஒன்று. 50 பவுண்டுக்கு 40 மடங்கு என்றால் 2,000 பவுண்டுக்குப் பந்தயம் வைக்க வேண்டும். அதில் நான்கு சதவீதம் 80 பவுண்டுகள். அதாவது 50 பவுண்டு 'இலவசம்' பெறுவதற்குச் சராசரியாக 80 பவுண்டு செலவாகும். இந்த மடங்கு பத்தைத் தாண்டக் கூடாது என்று பிரிட்டிஷ் ஆணையம் வகுத்த விதி 2026 ஜனவரி 19ஆம் தேதி முதல் நடைமுறைக்கு உரியதாயிற்று. பத்து மடங்கு என்றால் அதே இனாமுக்கான சராசரி இழப்பு 20 பவுண்டுகளாகக் குறைகிறது. பிரிட்டிஷ் உரிமம் இல்லாத தளங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. அவை இன்னமும் பெரும் இனாம்களை அறிவிப்பதன் இரகசியம் தாராள மனம் அல்ல.

தாமதமாக வந்த விதிகள்

பிரிட்டனில் தெருவோரப் பந்தயக் கடைகளில் இருந்த இயந்திரங்களில் ஒரு காலத்தில் 20 விநாடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை வைக்க முடிந்தது. பல ஆண்டுகள் நடந்த போராட்டத்தின் பின்னர், 2019 ஏப்ரலில் அந்த உச்ச வரம்பு இரண்டு பவுண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த மாற்றம் தாமதப்படுத்தப்படுவதைக் கண்டித்து 2018 நவம்பரில் விளையாட்டுத்துறை அமைச்சர் டிரேசி குரோச் பதவி விலகியதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் அதே ஆண்டுகளில் கைத்தொலைபேசியில் இருந்த ஸ்லாட்டுகளுக்கு எந்த உச்ச வரம்பும் இருக்கவில்லை. தெருமுனைக் கடையில் இரண்டு பவுண்டு. படுக்கையறையில் எவ்வளவு வேண்டுமானாலும். இந்த விசித்திர நிலை ஆறு ஆண்டுகள் நீடித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் இணைய ஸ்லாட்டுகளுக்குச் சுழற்சிக்கு ஐந்து பவுண்டு என்றும், மே 21 முதல் 18 வயது தொடக்கம் 24 வயது வரையானவர்களுக்கு இரண்டு பவுண்டு என்றும் வரம்பு விதிக்கப்பட்டது.

இடையில் வேறு சில மாற்றங்களும் வந்தன. 2020 ஏப்ரல் 14 முதல் கடன் அட்டை மூலம் சூதாடுவது தடை செய்யப்பட்டது. 2021 அக்டோபர் 31 முதல், தொடாமலே தானாகச் சுழலும் வசதி ஸ்லாட்டுகளில் நீக்கப்பட்டது. ஒரு பவுண்டு வைத்து 40 பென்ஸ் திரும்பக் கிடைத்தாலும் வெற்றி இசை முழங்கி விளக்குகள் மின்னும் வழக்கமும் அன்றுடன் நிறுத்தப்பட்டது. இழப்புக்கு வெற்றி வேடம் போடும் அந்த உத்தியைச் சட்டம் தடுக்க வேண்டி வந்தது என்பதே இத்துறையின் வடிவமைப்பாளர்கள் எதில் கவனம் செலுத்தினார்கள் என்பதைக் காட்டுகிறது. வெளியே எடுக்கக் கோரிய பணத்தை, அது வங்கிக்குப் போய்ச் சேருமுன் மீண்டும் ஆட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும் வசதியும் அதே நாளில் தடைக்கு உள்ளானது.

வரி விஷயத்திலும் மாற்றம் வந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், இணைய கசினோக்கள் மீதான வரி 21 சதவீதத்தில் இருந்து 2026 ஏப்ரல் முதல் 40 சதவீதமாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. விதிகளும் வரியும் கடுமையானால் ஆடுபவர்கள் உரிமமற்ற தளங்களை நாடுவார்கள் என்று துறையினர் எச்சரிக்கிறார்கள். இந்த வாதத்தில் சுயநலம் உண்டு. ஆயினும் முழுவதும் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. அத்தகைய தளங்கள் இருக்கவே செய்கின்றன.

நாட்டுக்கு நாடு

கைத்தொலைபேசி எங்கும் ஒன்றுதான். ஆனால் சட்டம் அது இருக்கும் நாட்டைப் பொறுத்தது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் லண்டனிலும் தங்கை பாரிஸிலும் தம்பி டோர்ட்முண்டிலும் இருப்பது சாதாரணம் என்பதால் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது பயன் தரும்.

ஜெர்மனியில் 2021ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஸ்லாட் சுழற்சிக்கு ஒரு யூரோவுக்கு மேல் வைக்க இயலாது. ஒரு சுழற்சிக்கு ஐந்து விநாடியாவது ஆக வேண்டும். எல்லா நிறுவனங்களிலும் சேர்த்து மாதத்துக்கு 1,000 யூரோ என்பது பணம் போடுவதற்கான வழக்கமான வரம்பு. பிரான்ஸில் விளையாட்டுப் பந்தயமும் போக்கரும் இணையத்தில் அனுமதிக்கப்பட்டுள்ளன. இணைய கசினோ அனுமதிக்கப்படவில்லை. ஆஸ்திரேலியாவிலும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் இணைய கசினோ வழங்குவதைத் தடுக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமோ 2022 ஏப்ரலில் தனியார் நிறுவனங்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது.

சிங்கப்பூரின் அணுகுமுறை தனி வகை. அங்கு இரண்டு பெரும் கசினோக்கள் இயங்குகின்றன. ஆனால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல நாளொன்றுக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம் செலுத்த வேண்டும். வாசலில் ஒரு தடையை வேண்டுமென்றே வைத்த அந்த அரசு, வாசலே இல்லாத இணைய கசினோவை அனுமதிக்கவில்லை.

தமிழ்நாட்டில் சட்டம் பல திருப்பங்களைக் கண்டது. 2021இல் கொண்டுவரப்பட்ட தடையை அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பின்னர் இயற்றப்பட்ட புதிய சட்டம் ஆளுநர் ஒருமுறை திருப்பியனுப்பிய பின்னர் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதிர்ஷ்டத்தைச் சார்ந்த விளையாட்டுகளுக்கான தடையை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று கூறி அவற்றுக்கு விலக்களித்தது. 2025 பிப்ரவரியில் வெளியான மாநில விதிகள், பணம் வைத்து ஆடும் அத்தகைய விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்றன. தனிநபர் சுதந்திரத்தில் தலையிடுவதாக நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், ஜூன் மாதம் அந்த விதி செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டே மாதங்களில், 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

நள்ளிரவில் மூடும் அந்த விதி குறித்துப் பெரிதாகப் பேசப்படவில்லை. தடைக்கும் அனுமதிக்கும் நடுவே, தொலைந்து போன கடிகாரத்தைத் திரும்ப மாட்டி வைக்கும் முயற்சி அது.

ஆடுபவர் என்ன செய்யலாம்?

ஆடாமல் இருப்பவர் இழப்பதில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் நாட்டில் ஆடவே செய்வேன் என்பவருக்கும் சொல்ல வேண்டியவை உண்டு.

முதலாவது, உரிமம். பிரிட்டனில் உரிமம் பெற்ற தளத்தின் அடிப்பகுதியில் சூதாட்ட ஆணையம் கொடுத்த கணக்கு எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது. போலித் தளங்கள் எண்ணையும் சின்னத்தையும் நகலெடுத்துப் போடுகின்றன. ஆணையத்தின் பொதுப் பதிவேட்டைத் தனியாகத் திறந்து, அந்த எண்ணுக்குரிய பட்டியலில் இந்தத் தளத்தின் முகவரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலோ முகநூல் விளம்பரத்திலோ வந்த இணைப்பை அழுத்தி நிறுவப்படும் செயலிகள் பெரும் ஆபத்து கொண்டவை. அவற்றில் வெற்றி பெறுவது எளிது. வென்ற பணத்தை எடுக்கப் போகும்போதுதான் 'வரி', 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று மேலும் பணம் கேட்பார்கள். முறையான நிறுவனம் எதுவும் பரிசைக் கொடுப்பதற்கு முன்பணம் கேட்காது.

அடையாளம் கேட்பதைப் பலர் தொந்தரவாகக் கருதுகிறார்கள். உண்மையில், பிரிட்டிஷ் உரிமம் பெற்ற நிறுவனம் வயதையும் பெயரையும் சரிபார்த்த பின்னரே ஆட விட வேண்டும் என்பது 2019 மே மாதம் முதல் இருக்கும் விதி. எதையும் கேட்காமல் உள்ளே விடும் தளம், வெளியே விடும்போது எல்லாவற்றையும் கேட்கும்.

அதிகம் அறியப்படாத மற்றொரு விஷயம், தளத்தின் கணக்கில் இருக்கும் பணத்தின் பாதுகாப்பு. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணம் என்னவாகும் என்பதை உரிமம் பெற்றவர்கள் தங்கள் நிபந்தனைகளில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்ந்தது என்று மூன்று நிலைகள் உண்டு. 'பாதுகாப்பு இல்லை' என்று எழுதி வைத்துவிட்டுச் சட்டப்படியே இயங்கலாம் என்பதைப் பலர் அறியார்கள். வங்கி வைப்புப் பணத்துக்கு இருப்பது போன்ற உத்தரவாதம் இங்கு கிடையாது. எனவே வென்ற பணத்தை அங்கேயே விட்டுவைப்பது நல்லதல்ல.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது வரம்பு. எவ்வளவு பணம், எவ்வளவு நேரம் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்னரே தளத்தின் அமைப்பில் பதிந்துவிட வேண்டும். முதல் தடவை பணம் போடும் முன் இதற்கான வாய்ப்பை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்பது 2025 அக்டோபர் 31 முதல் விதியாகியுள்ளது. மனதில் வைத்திருக்கும் வரம்பு போதாதா என்று கேட்கலாம். 50 பவுண்டுடன் நிறுத்துவேன் என்று எட்டு மணிக்கு முடிவு செய்பவரும், 200 பவுண்டை இழந்து அதை மீட்டு விடலாம் என்று நள்ளிரவில் அட்டையைத் தேடுபவரும் ஒரே ஆள்தான்; ஆனால் இரண்டாமவர் முதலாமவரின் சொல்லைக் கேட்பதில்லை. இயந்திரத்தில் பதிந்த வரம்பைக் குறைப்பது உடனே நடைபெறும். உயர்த்துவதற்கோ ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அதன் பயன் இருக்கிறது.

வரம்பு மீறிப் போனால்

சூதாட்ட அடிமைத்தனத்தை மது, போதைப்பொருள் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் 2013இல் சேர்த்தது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரம் சூது, அதற்கடுத்தது மருந்து என்பது இங்கு நினைவுக்கு வரலாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் இதற்கான முதல் சிகிச்சை நிலையத்தை 2008இல் லண்டனில் தொடங்கியவர் மனநல மருத்துவர் ஹென்ரியட்டா பௌடன் ஜோன்ஸ். இன்று இங்கிலாந்தில் 15 நிலையங்கள் உள்ளன. குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமலே நேரடியாக அணுகலாம்.

தன்னைத் தானே விலக்கிக்கொள்வதற்குக் கேம்ஸ்டாப் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் ஒருமுறை பதிவு செய்தால் பிரிட்டிஷ் உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் அவரை ஆட விடக் கூடாது. ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் சேர வேண்டும் என்பது 2020 மார்ச் 31 முதல் நிறுவனங்களுக்குக் கட்டாயம். இதன் குறை வெளிப்படையானது: உரிமம் இல்லாத தளங்களுக்கு இது பொருந்தாது. 'கேம்ஸ்டாப்பில் இல்லாத கசினோ' என்று தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளும் தளங்கள், விலகி இருக்க முயலும் நோயாளிகளையே குறி வைக்கின்றன.

இதனால் ஒரே தடையை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து வைப்பது அவசியமாகிறது. சூதாட்டத் தளங்களைக் கைத்தொலைபேசியிலேயே மறைக்கும் கேம்பான், இலவசமாகக் கிடைக்கும் பெட்பிளாக்கர் போன்ற மென்பொருட்கள் உண்டு. வங்கி அட்டையில் சூதாட்டக் கொடுப்பனவுகளை நிறுத்தும் வசதியை மோன்சோ, ஸ்டார்லிங் ஆகிய வங்கிகள் 2018இல் தொடங்கின. இப்போது பெரிய வங்கிகளும் தருகின்றன. அந்தத் தடையை நீக்கினாலும் அது உடனே நீங்காது. பல வங்கிகளில் 48 மணி நேரம் அல்லது அதற்கும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள்

சிறுபான்மை இனக் குழுக்களில் சூதாடுபவர்களின் விகிதம் குறைவு. ஆனால் ஆடுபவர்களிடையே பாதிப்பு அதிகம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. வெட்கம் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. தமிழர்களிடையே இதை விளக்கத் தேவையில்லை. மகன் குடிக்கிறான் என்பதைவிட, மகன் சூதாடுகிறான் என்பதை வெளியில் சொல்வது கடினம். சீட்டுப் பணம் போய்விட்டது, தங்கையின் திருமணத்துக்கு வைத்திருந்தது போய்விட்டது என்று தெரிய வரும்போது ஆண்டுகள் கடந்திருக்கும். குடித்தவரின் மீது வாசனை வரும்; இதற்கு அதுவும் இல்லை.

தெரிய வந்ததும் குடும்பங்கள் முதலில் செய்வது கடனை அடைப்பது. மாமாவிடமும் சித்தியிடமும் வாங்கி, நகையை அடகு வைத்து, மானத்தைக் காப்பாற்றுகிறார்கள். அன்பினால் செய்யப்படும் இந்தக் காரியம் பல வேளைகளில் அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிவிடுகிறது. முதலில் தடைகளை நிறுவி, சம்பளம் வரும் கணக்கை வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளும்படி செய்து, அதன் பின்னர் கடன் பற்றிப் பேசலாம் என்பதே ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்லும் வரிசை. கடன் குறித்து ஸ்டெப்சேஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது. கேம்கேர் நடத்தும் தேசிய உதவித் தொலைபேசி, 0808 8020 133, நாள் முழுவதும் இயங்குகிறது. ஆடுபவர் மட்டுமன்றி அவரது மனைவியோ தாயோ அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தென்பட்டால் அதைக் கடன் பிரச்சினையாக எண்ணிக் காத்திராமல் அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும். சூதாட்டத்தால் பிள்ளைகளை இழந்த பெற்றோர் 2018இல் தொடங்கிய 'கேம்பிளிங் வித் லைவ்ஸ்' என்ற அமைப்பு பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இதைத்தான்.

கேம்ஸ்டாப்பில் ஒருவர் தெரிவு செய்த காலம் முடிந்துவிட்டாலும் விலக்கு தானாக நீங்குவதில்லை. அவரே தொடர்பு கொண்டு நீக்கும்படி கேட்க வேண்டும். கேட்ட பின்னரும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு வரை, கசினோவுக்குள் முதன்முறையாக நுழைய விரும்பிய எவரும் காத்திருந்தது அதே 24 மணி நேரம்தான்.